நான் முடிச்சுப் போட்ட மெழுகுக்கட்டை

மெழுகுக்கட்டை திரும்பி வந்த அன்று ஆஸ்பத்திரி அறையில் நான்கு பேர் இருந்தோம்: டாக்டரம்மா, என் வீட்டுக்காரர், மைனி (என் அண்ணன் மனைவி), நான். தீப்பெட்டியைவிடச் சின்னதான அந்தக் கட்டைக்குள் கழுத்திலிருந்து வெட்டிய சதைத் துண்டு ஒன்று பதிந்திருந்தது. அது என்னுடையதுதானா என்பதுதான் கேள்வி.

முதலில் கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. பயாப்சி (சதையை வெட்டி எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். டிபியாக இருக்கலாம், ஆனால் கிருமி கண்ணில் படவில்லை என்று வந்தது. வெட்டியதை முழுவதும் ஃபார்மலினில் (சதை அழுகாமல் காக்கும், கிருமியையும் கொல்லும் மருந்து) போட்டுவிட்டதால் கிருமியை வளர்த்துப் பார்க்கவும் வழியில்லையாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் 'இருக்கலாம்' என்றால் என்னவென்று தெரியும். புற்றுநோயை மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

வெட்டிய சதையை மெழுகில் பதித்து வைத்த கட்டையைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பி இம்யூனோ சாயம் (கிருமியோடு மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளைச் சதையில் விட்டு, ஒட்டிய இடத்தில் நிறம் ஏற்றுவது) பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. வழியில் மாற்றிவிட்டால்? தோவாளையில் பூ கட்டிப் பிழைப்பவள் நான். சந்தைக்குப் போகும் என் பூப்பொதியில் என் முடிச்சு இருக்கும். வேறு கை பட்டால் தெரிந்துவிடும். அதே முடிச்சை வாழைநாரால் கட்டையைச் சுற்றிப் போட்டேன். மைனி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏட்டி, ஒனக்க கழுத்துச் சதைய களவாண்டு எவ கறி வைக்கப் போறா?"

பத்து நாளில் கட்டை வந்தது, ஒரு ரப்பர் வளையத்தோடு. நாரைக் காணவில்லை. டிபிதான் என்றது ரிப்போர்ட்.

"இது எனக்குள்ளது இல்ல," என்றேன். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவுக்காம எப்பிடிம்மா கட்டைய மெல்லிசா சீவி சோதிப்பாங்க?" என்றார் டாக்டரம்மா. எனக்கு அது தோன்றவேயில்லை.

பயாப்சியின்போது என் சதையைச் சீவி ஒட்டிய பழைய கண்ணாடித் தகட்டைக் கட்டையின்மேல் வைத்தார். கட்டைக்குள் ஒரு பிறை வடிவம், ஓரத்தில் எலி கடித்ததுபோல் பள்ளம். தகட்டிலும் அதே பிறை, அதே பள்ளம். புதிய சாயத் தகட்டிலும் அதுவே. பிறகு திரையில் காட்டினார்: நீலச் சதைக்குள் பழுப்புப் புள்ளிகளாகக் கிருமி.

"இனியும் சந்தேகப்பட்டு நாளக் கடத்தாதீங்க. இன்னைக்கே மாத்திரை தொடங்கணும்."

ஆறு மாதம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனபோதும், இரண்டாம் மாதம் கட்டி பெருத்தபோதும் பதறி ஓடினேன். இரண்டுமே இந்தச் சிகிச்சையில் வரக்கூடியவைதான் என்று பரிசோதித்துச் சொன்னார்கள். உங்களுக்கும் சந்தேகம் வந்தால் கேளுங்கள். கேட்டுக்கொண்டே மாத்திரையை விழுங்குங்கள்.

கட்டி இப்போது இல்லை. கை மட்டும் அங்கே போகும். மெழுகுக்கட்டையைக் கேட்டு வாங்கி பீரோவில் வைத்திருக்கிறேன். எனக்கு வயது ஏறும். அந்தப் பிறைக்கு ஏறாது. வெட்டிய அந்த நாளிலேயே அது நின்றுவிட்டது, நோயோடு.

சுற்றி என் முடிச்சைத்தான் போட்டிருக்கிறேன். வாரம் ஒருமுறை எடுத்து, அவிழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.