கழுவுகிறவள்

அடையாறில் நான் டீச்சராக இருக்கும் பள்ளியின் கெமிஸ்ட்ரி லேபில் நேற்று டெஸ்ட் டியூப்கள் உரசும் சத்தம் கேட்டது. என் விரல்கள் தண்ணீரில் ஊறிப்போன மாதிரி இருந்தன.

நான் ப்ளஸ் டூ படித்தபோது லேபில் நான்கு பேருக்கு ஒரு மேசை. சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் அம்மா மீன் ஆய்ந்து கொடுப்பாள் என்று தெரிந்த நாளிலிருந்து மற்ற மூவரும் என்னைத் தொட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். "நீ கழுவுடி, உனக்குத்தான் நாத்தம் பழகியிருக்குமே." பியூரெட்டைத் திறந்துவிட்டு, கரைசல் ரோஸ் நிறமாவதை அவர்கள் பார்ப்பார்கள். எனக்கு அந்த நிறம் தொட்டியில் கொட்டும்போதுதான் தெரியும். ரீடிங்கை அவர்களைப் பார்த்துக் காப்பியடிப்பேன்.

சாயங்காலம் அம்மா செதில் ஒட்டிய கையோடு கேட்பாள்: "இன்னாடி செஞ்சே லேபுல?"

"எக்ஸ்பெரிமென்ட்மா."

அவள் அதை மார்க்கெட் முழுக்கச் சொல்லிவைத்தாள். அப்புறம் நான் யாரிடம் போய் உண்மையைச் சொல்ல?

நேற்று சத்தம் வந்த பக்கம் திரும்பினேன். தொட்டியருகே கோமதி தனியாக நின்றிருந்தாள். அவள் அம்மா எங்கள் பள்ளி ஆயா.

"யாரும்மா உன்னைக் கழுவச் சொன்னது?"

"நீங்கதான் மிஸ். நான் நல்லா கழுவுறேன்னு மொத நாளே சொன்னீங்க."