அருள்தாஸ் எரியவைத்த எண்கள்

சிதம்பரத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது தங்கை செல்வியிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, அவுரு போயிட்டாருண்ணா" என்றாள். கடலூரில், இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பிய அவள் கணவன் அருள்தாஸ், செருப்பு மாட்டும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் சரிந்துவிட்டான்.

சிப்காட்டில் அவனோடு மீட்டர்களைப் பழுது பார்த்த நண்பர்களே, அவன் வேலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் எங்கள் வீட்டுக்குள் வந்த கதை மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த நாளிலிருந்தே நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டோம். என் தங்கையை அவன் விரும்பிக் கட்டிக்கொண்டதில் அது உண்மையாகவே ஆகிவிட்டது. மகள் வேதக்கார வீட்டுக்கு, கிறிஸ்தவக் குடும்பத்துக்குப் போனதை அப்பா ஏற்கவில்லை. அவள் வந்தால் பேசுவார். மாப்பிள்ளை பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். அருள்தாஸ் எங்கள் படியேறியதே இல்லை.

இதற்கிடையில் அப்பாவுக்குக் காது மந்தமானது. சர்க்கரைக்குப் பார்க்கும் எங்கள் தெருமுனைக் கிளினிக்கில் கம்பவுண்டர் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டது கேட்காமல் கடைசிவரை காத்திருந்தவர், பசியில் சர்க்கரை இறங்கி ஒருநாள் மயங்கி விழுந்தார். அருள்தாஸிடம் சொன்னேன். "காதுல கேக்கலன்னா கண்ணால பாக்கட்டும் மச்சான்" என்றான்.

காடாம்புலியூர் முந்திரி வியாபாரி ஒருவர் தூக்கிப் போட்ட எடை மெஷினிலிருந்து, சிவப்பு எண்கள் எரியும் டிஸ்பிளேயைக் கழற்றி வந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அவன் வீட்டில் உட்காருவோம். அதன் கம்பிக் கால்களில் எதைத் தொட்டால் எந்தக் கோடு எரிகிறது என்று பேட்டரியை வைத்துப் பார்த்துக்கொண்டே போனான். ஏழு கோடுகளால் ஆனது ஓர் எண். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு ரெசிஸ்டர் வைத்து, சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் இணைத்தான்.

எட்டு காட்டச் சொல்லி புரோகிராம் எழுதினான். மொத்தமும் அணைந்துபோனது. "சொல்றதுக்கெல்லாம் நேர்மாறா செய்யுது பாரு, மாமா மாதிரியே" என்று சிரித்தான். போர்டிலிருந்து 1 போனால் கோடு அணைகிற, 0 போனால் எரிகிற வகை டிஸ்பிளே அது என்பது பிறகுதான் உறைத்தது. புரோகிராமில் மாற்றிப் போட்டதும் எட்டு பளிச்சென்று எரிந்தது.

"நான் செஞ்சதுன்னு மாமாகிட்ட சொல்லிடாத" என்று சொல்லித்தான் கொடுத்தான். பஸ்ஸில் கொண்டுவந்து கிளினிக்கில் மாட்டினேன். வந்த குலுக்கலில் மேல்கோட்டின் பற்றவைப்பு விட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மேல்கோடு எரியாத ஏழு, ஒன்றாகத்தான் தெரியும். மறுநாள் அப்பாவின் டோக்கன் ஏழு. டிஸ்பிளே வந்துவிட்டதால் கம்பவுண்டரும் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

அப்பா கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தார். "ஆறுக்கப்புறம் ஒன்னு வருது, அதுக்கப்புறம் எட்டு வருது! எவன்டா செஞ்சான் அத?"

அவர் காதருகே போய்ச் சொல்லிவிட்டேன். "உங்க மாப்ளதான். நீங்க மயங்கி விழுந்தீங்கன்னு கேட்டுட்டு செஞ்சாரு."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, "போன் போடு" என்றார். தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "ஏழு ஒன்னு மாதிரி தெரியுது. வந்து சரி பண்ணு." கொஞ்சம் நிறுத்தினார். "பண்ணுங்க மாப்ள. செல்வியையும் கூட்டிக்கிட்டு வாங்க."

பதில் அவருக்குக் கேட்காது. போனை என்னிடம் நீட்டினார். மறுமுனையில் அவன் "செல்வி, செல்வி" என்று கூப்பிடுவது கேட்டது.

இருவரும் வந்தார்கள். கிளினிக்கில் ஸ்டூல்மேல் ஏறி அவன் பற்றவைக்க, அப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில், அவரிடம் ஒன்றுமே கேட்கத் தோன்றவில்லையா என்று அவனைக் கேட்டேன்.

"வந்து பேசுறவருகிட்ட ஏன் இவ்ளோ நாளா பேசலன்னு கேக்கக் கூடாது மச்சான். திரும்பிப் போயிடுவாரு."

அருள்தாஸின் அடக்கம் முடிந்து வெளியே வரும்போது அப்பா என் தோளைப் பிடித்தார். "மாப்ள மாதா கோயில்ல நல்லா பாடுவாராமே. உள்ள காதுகிட்ட வந்து சொன்னாங்க. காது நல்லா இருந்தப்ப நான் கேக்காமயே உட்டுட்டேன்டா."

அவனோடு ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று அத்தனை வருஷமாக அவரிடம் கேட்க வைத்திருந்த கேள்வி எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோரமாக உட்காரவைத்தேன். அருள்தாஸிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.