பேசாமல் முழுகிய மார்கழி

என் பையனுக்குப் பத்து மாதமானபோது அடிக்கடி வலிப்பு வந்தது. கும்மிடிப்பூண்டி டாக்டரின் மருந்து கேட்கவில்லை. மார்கழி முழுக்க விடியுமுன் நான் ஏரியில் முழுகுவதாக மாமியார் வேண்டிக்கொண்டார். கிளம்பியதிலிருந்து திரும்பிவந்து விளக்கேற்றும்வரை வாய் திறக்கக் கூடாது. ஒரு சொல் பேசினாலும் பலன் போய்விடும். எட்டாவது வரை படித்தவள் நான். இதை நம்பினேனா என்றால் சொல்லத் தெரியாது. நம்பாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்?

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அதே விரதம். தினமும் எங்கள் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு முன்னால் போவாள். பின்னால் நான்.

அன்று எங்கள் ஊர் ஆரம்பாக்கமே பனியில் மூழ்கியிருந்தது. தட்டும் சத்தம் கேட்டு எழுந்தேன். கதவை வெறுமனே சாத்திவிட்டு, முன்னால் போன உருவத்தின் பின்னே வரப்பில் நடந்தேன். சற்றுத் தள்ளி அவளும் முழுகினாள். நான் மும்முறை முழுகிக் கரையேறியபோது, கழுத்தளவு நீரில் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். ஜபம் போலும் என்று கிளம்பிவிட்டேன்.

பாதி வழியில் ஒரு லாந்தர் எதிரே வந்தது. அக்கா. தலைமுடி காய்ந்திருந்தது.

"அக்கா, நீ இப்பத்தான் வர்றியா? அப்ப ஏரில நிக்கறது யாரு?"

பேசிவிட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. லாந்தரைத் தூக்கி ஏரிப் பக்கம் பார்த்தாள். சாத்தி மட்டும் வைத்த கதவு என் நினைவுக்கு வந்தது. ஓடினேன்.

மாமியார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எத்தினி தபா வந்து எட்டிப் பாத்துக்கினு நிப்ப? ஈரத் துணியோட புள்ளகிட்ட வராதன்னா கேக்கறியா, படிச்ச கழுத!"

நான் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். விளக்கை ஏற்றினேன்.

"வழில யாராண்டயாவது பேசினியா?"

"இல்ல அத்தை."

பையன் தூங்கிக்கொண்டிருந்தான். நெற்றி முடி மட்டும் ஈரமாக இருந்தது. என் கையிலிருந்து சொட்டியதோ என்னவோ.

பகலில் அக்காவிடம் கேட்டேன்.

"தாயி, நான் ஒண்ணும் பாக்கல. நீ பேசுனது என் காதுல வுழவும் இல்ல. போயி சோறு ஆக்கு."

அதன்பின் பையனுக்கு வலிப்பு வரவேயில்லை. என் விரதத்தின் பலன் என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னார். நான் மறுத்ததில்லை. ஆனால் அன்று ஏரியில் கடைசிவரை பேசாமல் நின்றவள் நானில்லை.