சுருளி வீட்டு உப்புத்தண்ணி மீன்கள்

"சாப்புடுறதுக்கு இல்ல தம்பி, சும்மா வளக்குறது," என்றார் சுருளி.

கேன் தண்ணீர் போட வந்த பேயாண்டி மீனைப் பற்றி வாயே திறக்கவில்லை. தோளிலிருந்த கேனை இறக்கிக்கொண்டிருந்தான். சுருளி விடவில்லை. தொட்டி மணலில் கிடந்த நத்தை ஓடுகளைக் காட்டினார்.

"ஒவ்வொன்னும் ஒரு வீடு. உள்ள இருக்க மீனு விரல் நீளங்கூட இருக்காது. ஆனா மண்ண வாயில அள்ளி அள்ளித் துப்பி வாசல் கட்டும். கைய விட்டா என்னையவே முட்ட வரும்."

"அம்புட்டுக் கோவமாண்ணே? அப்ப மதினி மாதிரின்னு சொல்லுங்க."

"அவ மக கூட ஆஸ்பத்திரியில இருக்கா. அந்தத் தைரியத்துல பேசுற நீ."

மீன்கள் மகள் ரோகிணியுடையவை. தலைப்பிரசவத்துக்குத் திருநகர் வந்தவள், சென்னையிலிருந்து தொட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். ஆப்பிரிக்காவில் ஏதோ ஏரி மீனாம், சிக்லிட் என்று பெயராம். முப்பது வருடமாகப் போர்வெல் மோட்டார் கழற்றி மாட்டும் சுருளிக்கு முதலில் அது ஒரு மீனாகவே தெரியவில்லை. இரண்டே மாதத்தில், சாப்பாட்டுத் தட்டோடு தொட்டி முன்னால் உட்காரும் ஆளாகிவிட்டார். வலி எடுத்து ஆட்டோவில் ஏறும்போதுகூட ரோகிணி, "அப்பா, ஓட்டுக்குள்ள குஞ்சு இருக்கு. பாத்துக்கங்க," என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

பேத்தி பிறந்த சந்தோஷத்தில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பிள்ளை வரும்போது வீட்டில் எல்லாம் நன்றாக இருக்க வேண்டும். தரையைக் கழுவினார். பிறகு தொட்டியைப் பார்த்தார். உள்ளே இருந்தது வீட்டுப் போர்வெல்லின் உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது, பாத்திரமெல்லாம் வெள்ளை படியும். தூரத்திலிருந்து வந்த ஜீவனுக்கு இதையா கொடுப்பது? பாதியை இறைத்துக் கொட்டிவிட்டு, பேயாண்டி வைத்துவிட்டுப் போன கேனை அப்படியே கவிழ்த்தார்.

மறுநாள் காலையில் ஒரு மீனும் சண்டைக்கு வரவில்லை. ஓட்டு வாசலில் சாய்ந்து கிடந்து மூச்சு வாங்கின. ஒன்று செத்து மிதந்தது.

போனில் சொல்லத் துணிச்சல் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கே போய், மகள் கட்டில் பக்கத்தில் நின்று சொன்னார்.

"என்ன தண்ணிப்பா ஊத்துனீங்க?"

"நல்ல தண்ணிதான் தாயி. கேன் தண்ணி."

"ஐயோ அப்பா! அதுக்கு நம்ம உப்புத் தண்ணிதான் நல்ல தண்ணி. அது பொறந்த ஏரியே அப்பிடித்தான்." ரோகிணிக்குக் கண் கலங்கிவிட்டது. "அதுக்காக இப்பப் போயி ஒரேயடியா மாத்திராதீங்க. அதையும் தாங்காது. குஞ்செல்லாம் போயிரும்."

"ஊருக்கெல்லாம் மோட்டார் மாட்டுறாரு, ஒரு தொட்டிக்குத் தண்ணி ஊத்தத் தெரியல," என்றாள் மனைவி அன்னக்கொடி. "பச்ச ஒடம்புக்காரிய அழ வச்சுக்கிட்டு."

சுருளியின் கண் மகளுக்கு ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலில் நின்றது. சொட்டு. நிதானமாக இன்னொரு சொட்டு.

திரும்பும் வழியில் மருந்துக்கடையில் அதே மாதிரி டியூப் ஒன்று வாங்கினார். போர் தண்ணீர் வாளியை பீரோ மேல் ஏற்றி, தொட்டிக்குள் சொட்டவிட்டார். அவசரக்கார மனுஷன், ஸ்டூலைப் போட்டு அங்கேயே உட்கார்ந்தார். ரெண்டு மோட்டார் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. தொட்டி நிறைய நிறைய மோந்து கொட்டினார். இன்னும் இரண்டு மீன் போயின. மூன்றாம் நாள் சும்மா விரலை விட்டுப் பார்த்தார். ஒன்று சீறி வந்து முட்டியது. அதன் ஓட்டு வாசலில் சீரகம் சீரகமாகக் குஞ்சுகள்.

வீட்டுக்கு வந்த ரோகிணி, பிள்ளையை அவர் மடியில் கிடத்திவிட்டு நேரே தொட்டிக்குப் போனாள்.

"மூணு கொறையுதுப்பா," என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் சுருளிக்குத் தாங்கவில்லை.

இன்று காலை சம்பந்தியம்மா தாமரைச்செல்வி பிள்ளையைப் பார்க்க வந்திருந்தார். கிண்ணத்தில் சீனித் தண்ணீர் கரைத்து சுருளியிடம் நீட்டினார். "தாத்தா கையால நாக்குல ரெண்டு சொட்டு சேனை வைங்கண்ணே. உங்க கொணம் பிள்ளைக்கு வரட்டும்."

சுருளி கிண்ணத்தை வாங்கவில்லை.

"என் கொணம் எங்கயும் ஓடிப் போயிராது தங்கச்சி, மெதுவா வரட்டும். இருங்க, ஆத்தாக்காரிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்."