இடக்கைப் பக்கத்து மலை

"சென்னைக்கா?" என்று கேட்டுவிட்டு, தனசேகரன் தன் சுழல் நாற்காலியைச் சென்னை இருக்கும் திசைக்குத் திருப்புவார். கண்ணை மூடிக்கொள்வார். இடது கையை நீட்டுவார். "கல்வராயன் மலை இந்தாண்ட வரும். உங்களுக்கு இடது ஜன்னல்."

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். சேலத்திலிருந்து சென்னைக்கு விசிறி வைத்த சிறு விமானம் ஓடத் தொடங்கியதிலிருந்து அதற்கும் டிக்கெட் எடுத்துத் தருகிறார். மற்றவர்கள் கிடைத்த இடத்தை அமுக்கிவிட்டு அனுப்பிவிடுவார்கள். இவர் விடமாட்டார். வெயில் எந்தப் பக்கம், எந்த வரிசையில் விசிறி மறைக்கும் என்றெல்லாம் குடைந்து பார்த்துவிட்டுத்தான் பொத்தானைத் தொடுவார். இத்தனைக்கும் அவர் விமானம் ஏறியதே இல்லை. வெள்ளிமலைப் பேருந்தில்கூடப் பள்ளம் தெரியாத பக்கமாகத் தேடி உட்கார்ந்து, முன்சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்துக்கொள்கிற ஆள்.

அன்று காலை ஒன்பதரைக்கு வெள்ளிமலை வெற்றிவேல் வந்தான். போன மாதம்தான் இதே விமானத்தில் போனவன். தனசேகரன் நாற்காலியைத் திருப்புவதற்குள் அவன் தயங்கிக்கொண்டே சொன்னான்.

"இந்த தபா ரைட்டு சைடு போடுங்கண்ணே. லெப்ட்ல நம்ம மலையே வரல. அந்தாண்ட இருந்தவங்கதான் பாத்துக்கினு வந்தாங்க."

"வந்து சூப்பரா இருந்துச்சின்னு சொன்ன?"

"உங்க மனசு கஷ்டப்படும்னுதான்."

தனசேகரனுக்கு முகம் செத்துவிட்டது. கணினியில் வரைபடத்தைத் திறந்து, சேலத்துக்கும் சென்னைக்கும் குறுக்கே ஒரு அளவுகோலை வைத்தார். கோடு மலைக்கு வடக்கே போனது. கடையில் உட்கார்ந்து சென்னையைப் பார்த்தால் மலை இடப்பக்கம்தான். ஆனால் விமானம் மலைக்கு அந்தப் புறமாக அல்லவா போகிறது! கடை நாற்காலியையே விமானம் என்று நினைத்து, இரண்டு வருடமாக ஊரையே தப்பான பக்கம் உட்கார வைத்திருக்கிறார்.

அதைவிட மோசம், பாப்பாத்தி இந்நேரம் சேலம் விமான நிலையத்தில் இருப்பாள்.

கல்வராயன் மலைமேல் இருக்கும் கரியாலூர்க்காரி. குவைத்தில் வீட்டு வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். எட்டு வயது மகள் தேவதர்ஷினியைக் கணவனிடம் விட்டுவிட்டுப் போகிறாள். மகள் மரவள்ளிக் காட்டில் நின்று கை காட்டுவேன் என்றிருக்கிறாள். அவ்வளவு உயரத்திலிருந்து ஆள் தெரியாது என்று பாப்பாத்திக்கும் தெரியும். "மலை தெரிஞ்சா போதும்ங்க. ஒரு தபா பாத்துட்டுப் போயிடறேன்" என்று கேட்டிருந்தாள். போர்டிங் பாஸை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, இடது ஜன்னல் என்று சிவப்பு மையில் வட்டமும் போட்டுக் கொடுத்தவர் இவர்தான்.

விமானம் கிளம்ப இருபது நிமிடம். இருக்கையை இனி மாற்ற முடியாது என்றது கணினி. உதவி எண்ணில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாப்பாத்தியின் எண்ணுக்கு மூன்று முறை அடித்தார், எடுக்கவில்லை. நெற்றி வேர்வை விசைப்பலகையில் சொட்டியது. நான்காம் முறை எடுத்தாள். ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டாகிவிட்டதாம்.

"பாப்பாத்தி, நான் தப்பா போட்டுட்டேம்மா. மலை ரைட்டு சைடு வரும். அந்தாண்ட ஜன்னல்ல இருக்கறவங்கள கேளு."

ஊரில் கடைக்காரரிடம் சில்லறை கேட்கவே கூச்சப்படுகிறவள்.

"இன்னான்னுங்க கேக்கறது?" என்றாள். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

வெற்றிவேல் போகவில்லை. தனசேகரன் வாங்கி வைத்த டீயில் ஆடை படிந்தது. பன்னிரண்டு மணிக்குச் சென்னையிலிருந்து பாப்பாத்தி ஒரு படம் அனுப்பினாள். யாரோ ஒருவரின் வெள்ளைச் சட்டை முழங்கை பாதிப் படத்தை மறைத்தது. இடத்தை யாரும் விட்டுத்தரவில்லை போலிருக்கிறது. நடைபாதையில் நின்றபடி எட்டிப் படம் பிடித்திருக்கிறாள். முழங்கைக்கு அப்பால் ஜன்னல். ஜன்னலில் மடிப்பு மடிப்பாகக் கல்வராயன் மலை.

தனசேகரன் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு வெற்றிவேலுக்கு டிக்கெட் போட நாற்காலியைச் சென்னைப் பக்கம் திருப்பிக் கண்ணை மூடினார். பழக்கத்தில் இடது கை தானாக எழுந்தது. அதை மடியில் போட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையை மெல்ல நீட்டினார்.