தேவையில்லாத இரண்டாவது சோதனை

கணினிக்குள் யாராவது சுத்தம் செய்யும்போது, குப்பையோடு தோடும் சேர்ந்து போகிறதா என்று பக்கத்தில் நின்று பார்ப்பது என் தொழில். இயங்குதளத்தில் நினைவகத்தைக் கவனிக்கும் நிரலைச் சீர்படுத்திச் சிலர் அனுப்புவார்கள். மலைமேல் தலைச்சோலை ஊரில் என் வீட்டில் உட்கார்ந்து நான் அதைப் படித்து, சரியென்றால் கீழே என் பெயரைப் போடுவேன். தவறிப்போனால் எங்கெங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்கள் நின்றுபோகும். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களே, நீங்களும் பெயர் போடும் முன் இன்னொரு முறை படிப்பீர்கள்தானே?

மாற்றம் எதுவும் இல்லை

சுத்தம் செய்கிறவர்கள் மேலே ஒரு வாக்கியம் எழுதுவது வழக்கம்: இதனால் நடத்தையில் மாற்றம் எதுவும் இல்லை. புது வசதி என்றால் பத்துப் பேர் துருவிப் பார்ப்பார்கள். இதை யார் பார்க்கிறார்கள்? நான் ஒருவன்தான். அதனால் அந்த வாக்கியத்தைக் கண்டாலே எனக்குப் பயம். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் என் மனைவி மகேஸ்வரி, சாப்பாட்டின் நடுவே என்னவென்று கேட்டாள். சொன்னேன். "ஏனுங்க, ஒண்ணும் மாறலைன்னு அவங்களே எழுதிட்டாங்க, அப்பறம் எதுக்குங்க நொம்ப பயப்படறீங்க?"

குமரேசனின் திருத்தம்

சேலத்திலிருந்து குமரேசன் ஒன்று அனுப்பினான். நினைவகத்தில் பக்கம் எனப்படும் ஒரு துண்டைக் காலி செய்யும் முன், அது யாரிடமாவது இருக்கிறதா என்று நிரல் பார்க்கும். பிறகு, அந்தப் பக்கத்தை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே தொடவிடும் பூட்டுக்காகக் காத்திருக்கும். பூட்டு கிடைத்ததும் மறுபடி அதையே பார்க்கும். அந்த இரண்டாவது சோதனையைத்தான் குமரேசன் நீக்கியிருந்தான்.

மூன்று முறை படித்தேன். அந்தச் சோதனையை எந்த மகராசன் எழுதினானோ என்று இருவரும் போனில் சிரித்தோம். என் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன். "ஒரே கேள்வியை எதுக்குங்கண்ணா ரெண்டு தடவை கேக்கோணும்? ஒண்ணு போதுமுங்க" என்றிருந்தான் குமரேசன்.

மூன்றாவது சீட்

மறுநாள் காலை, குப்பனூர் வழியாகச் சேலம் போகும் பஸ். கீழே நின்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். மூன்றாவது சீட் காலி. படியில் ஒரே நெரிசல். ஒருவழியாக ஏறி, வேறெங்கோ பார்த்தபடி அதில் உட்கார்ந்தேன். அதற்குள் ஒரு விவசாயி, இடம் பிடிக்க அங்கே பலாப்பழத்தை வைத்திருந்தார். நான் எழுந்த வேகத்தில் மேலே சாமான் தட்டில் தலை இடித்தது. அவர் பழத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "கீழ நின்னு பாத்தா போதுமுங்களா? ஏறினப்பறம் இன்னொருக்கா பாக்கோணுமுங்க" என்றார்.

கொட்டச்சேட்டில் இறங்கினேன்

வலி தெரிவதற்குள் குமரேசனின் திருத்தம் உறைத்தது. பூட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வேறு யாராவது அந்தப் பக்கத்தை எடுத்திருக்கலாம். இரண்டாவது சோதனை இல்லையென்றால், ஆள் இருக்கும்போதே நிரல் அதைக் காலி செய்துவிடும். அதற்குத்தான் நான் பெயர் போட்டிருக்கிறேன்.

திருத்தங்களைத் திரட்டி மேலே அனுப்பும் பொறுப்பாளர் சுமதி, அன்று காலையே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். போனில் சிக்னல் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கொட்டச்சேட்டில் இரண்டு கோடு தெரிந்ததும் இறங்கி அவரைக் கூப்பிட்டேன். திருத்தத்தை நிறுத்துங்கள், என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன். சுமதி ஈரோட்டுக்காரர், பதறவே மாட்டார். பழைய பதிவுகளைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி என்னைக் காக்கவைத்தார். நான் ரோட்டோரத்தில் நின்று வேர்த்துக்கொண்டிருந்தேன்.

"நிறுத்தியாச்சுங்க. அந்த ரெண்டாவது சோதனையை ஆறு வருசம் முன்னாடி சேத்ததே நீங்கதானுங்க. ஏன்னு மட்டும் எழுதி வெக்கலீங்க."

இப்போதெல்லாம் ஒரு வரியைப் பார்த்துத் திட்ட வாயெடுத்தால், முதலில் அதை எழுதியது யார் என்று பார்த்துக்கொள்கிறேன். பாதி நேரம் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.