இடது இடுப்பு

அந்த ஆடி மாதம் காவிரி என் மகளை இழுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவள் கால் வழுக்கி ஆழத்துக்குப் போய்விட்டாள். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் குதித்து, பின்னலைப் பிடித்து இழுத்து வந்து கரையில் போட்டார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரமே கல்லூரிக்குக் கிளம்பிவிட்டாள். ஆனது எனக்குத்தான்.

அதன்பின் அவளை நான் தனியாக விடவில்லை. எனக்குப் பாலக்கரையில் பள்ளிக்கூட வேலை. காலையில் அவளைக் கல்லூரி வாசலில் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவேன். கல்லூரி முடிந்ததும் அவள் எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். சேர்ந்துதான் ஸ்ரீரங்கம் திரும்புவோம். கார்த்திகை வரை பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்:

"பொங்கலுக்கு அப்புறம் ஹாஸ்டல்ல சேந்துடறேம்மா. இங்க மூச்சு முட்டுது. தண்ணிக்குள்ள கூட இப்படி முட்டல."

அவள் அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் எழுந்துபோய்க் கை கழுவினேன். அவள் ஒன்று சொன்னால் செய்தே விடுகிற பெண்.

பள்ளியில் என்னுடன் வேலை பார்த்த தோழிதான் அந்த ஒரு நாள் வகுப்பைப் பற்றிச் சொன்னாள். அவள் போகும் கோயிலுக்கு வரும் அம்மாள் ஒருவர், கணவர் வேலையாகக் கெய்ரோவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே மாடி வீட்டுப் பெண்களிடம் பெல்லி டான்ஸ் கற்றுக்கொண்டாராம். கன்டோன்மென்டில் தன் வீட்டு மாடியில் பெண்களுக்கு மட்டும் சொல்லித்தருகிறாராம்.

"சினிமால வில்லன் ஓட்டல்ல ஆடுவாளே, அதுவா டீச்சர்?" என்று கேட்டேன்.

"அதேதான். நம்ம ஆடினா வில்லன் எந்திரிச்சு ஓடிடுவான். வாங்க டீச்சர், நீங்க சிரிச்சு நாலு மாசம் ஆச்சு."

எதிர் வீட்டு மாமியும் வருவதாகச் சொன்னாள். வீட்டில் இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி என்று சொல்லிக்கொண்டோம். மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். சனிக்கிழமை முழுவதும் அவளை வீட்டில் விட்டுவிட்டு எப்படிப் போவது? செருப்பை மாட்டிக்கொண்டு கூட வந்தாள்.

மாடியில் நீளமான கூடம். ஜன்னல்களுக்குப் பச்சைத் திரை. வெயில் அதன் வழியாக வந்து சுவரிலும் தரையிலும் எங்கள் முகங்களிலும் பச்சையாக அசைந்தது. டேப் ரெக்கார்டரில் ஏதோ தந்தி வாத்தியம் யாரையோ கூப்பிடுவதுபோல் இழுத்து இழுத்து வாசித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் எங்கள் புடவைத் தலைப்புகளை இழுத்துச் செருகி, இடுப்பில் ஆளுக்கொரு துண்டைக் கட்டச் சொன்னார். காசுகள் கோத்த பட்டை அவரிடம் ஒன்றுதான் இருந்தது. அதை என் மகளுக்குக் கட்டிவிட்டார்.

மாமிக்குப் பாட்டு கேட்டாலே வலது கை தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிடும். இடுப்பை ஆட்டினால் கையும் தட்டியது.

"கைய விடுங்க மாமி. அது மேகம் மாதிரி மிதக்கணும்."

"நான் எங்க தட்டறேன், அதுவா தட்டறது. பாட்டு வாத்தியார்ட்ட வாங்கின அடி அப்படி."

தோழி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு ஒவ்வொருவராக நிறுத்தி இடுப்பை ஒரு பக்கம் தூக்கி, தளர்த்தி விடச் சொன்னார். எனக்கு வலது பக்கம் சரியாக வந்தது. இடது பக்கம் தூக்கினது தூக்கினபடியே நின்றது. அவர் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். அசையவில்லை.

"பிள்ளைய எந்தப் பக்கம் வெச்சுத் தூக்கினீங்க?"

"இடது பக்கந்தான். வலது கை அடுப்புக்கு வேணுமே."

"எல்லா அம்மாவுக்கும் இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிப்பு இருக்கும். கெய்ரோலயும் அப்படித்தான். உங்களுக்கு ரொம்ப இருக்கு."

"இவ இன்னும் கொழந்தைய எறக்கி வெக்கல, அதான்" என்றாள் மாமி.

எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. காசுப் பட்டையைச் சரிசெய்துகொள்வதுபோல் குனிந்துகொண்டாள்.

எலுமிச்சை சாதமும் மாமியின் தயிர் சாதமும் சாப்பிட்டபின் உடம்பு கனத்தது. மதிய வகுப்பில் எல்லோரையும் கண்ணை மூடிக்கொண்டு ஆடச் சொன்னார். நான் மூடவில்லை. எல்லோரும் மூடியிருந்த கூடத்தில் நான் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பச்சை வெளிச்சத்தின் நடுவில் என் மகள் இருந்தாள். பின்னல் அவிழ்ந்திருந்தது. கைகள் மெல்ல எழுந்து விலகி மறுபடி கூடின. எத்தனையோ இரவுகள் தூக்கத்தில் அவளை இப்படித்தான் பார்த்திருக்கிறேன்: பச்சைத் தண்ணீர், விரிந்த தலைமயிர், அசையும் கைகள். தூக்கத்தில் அவள் கீழே போய்க்கொண்டே இருப்பாள். இங்கே போகவில்லை. கழுத்தில் வேர்வை. மார்பு ஏறி இறங்கியது. வெகுநேரம் அந்த மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"மூடிக்கோம்மா" என்றாள் மெதுவாக.

மூடிக்கொண்டேன். காசுகளின் சத்தம் கேட்டது. அது என்னைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனது, இன்னும் தள்ளிப் போனது, நின்றுவிட்டது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை இறுக்கிக்கொண்டு ஆடினேன், அதை ஆட்டம் என்று சொல்லலாமானால். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எங்கோ மூலையில் காசுகள் மறுபடி குலுங்கின. என் இடுப்பின் மேல் ஒரு கை பட்டது.

"இப்ப வருது பாருங்க" என்றார் அந்த அம்மாள்.

சாயங்காலம் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் திரும்பினோம். தோழி பாலக்கரையில் இறங்கிக்கொண்டாள். காவிரிப் பாலத்தில் காற்று வந்ததும் மாமி கண்ணயர்ந்தாள். ஆற்றில் மணல் திட்டுகளுக்கு நடுவே தண்ணீர் செம்பு நிறத்தில் கிடந்தது. வழக்கமாகப் பாலம் முடியும்வரை நான் மடியைத்தான் பார்ப்பேன்.

"அம்மா மண்டபத்துல இறங்கிக்கறேன்" என்றாள் மகள். "கொஞ்ச நேரம் இருந்துட்டு நடந்து வரேன்."

கேட்கவில்லை, சொன்னாள். ஆனாலும் எழுந்திருக்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாஸ்டலுக்கான பதில் அதில்தான் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"இருட்டறதுக்குள்ள வந்துடு" என்றேன்.

விசில் கேட்டு விழித்த மாமி, "என்னடி, தனியா எறங்கறா?" என்றாள். நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் கிளம்பியது. திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன், ரசம் வைத்தேன், வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். விளக்கு ஏற்றும் நேரத்துக்கு வந்தாள். "தண்ணி முழங்கால் அளவுகூட இல்ல" என்றாள். பிறகு, "பசிக்குது" என்றாள். ஹாஸ்டல் பேச்சு அன்றும் எழவில்லை, பொங்கலுக்குப் பிறகும் எழவில்லை.

தட்டு வைத்து ரசம் ஊற்றினேன். கரண்டி தட்டின் விளிம்பில் இடித்துக்கொண்டே இருந்தது. அவள் தட்டைத் தூக்கிக் கரண்டிக்கு அருகில் பிடித்துக்கொண்டாள்.